கண்ணாடிச் சாடியில் பீன்ஸ்

உணவைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, கலத்தோடு கொதிநீரில் வேகவைக்கும் முறையை 1810இல் பிரான்சின் நிக்கோலா அப்பேர் நூலாக வெளியிட்டார். 1858இல் அமெரிக்கரான ஜான் லாண்டிஸ் மேசன் திருகுமூடிச் சாடிக்குக் காப்புரிமை பெற்றபின் அது வீட்டு அடுக்களைக்கும் எளிதாயிற்று. புதிதாகத் தொடங்குவோர் முதலில் கருதவேண்டியது காயின் புளிப்பையே: புளிப்பு குறைந்த, அதாவது பிஎச் அளவு 4.6க்கு மேற்பட்ட பீன்ஸ், கேரட் போன்றவற்றில், காற்றில்லா இடத்தில் கொடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் உறங்குநிலை வித்துகள் கொதிநீருக்கும் மடியாதாகையால், அழுத்தத்தில் ஏறத்தாழ 116 டிகிரி செல்சியஸை எட்டும் தனிக்கலன் கட்டாயம் வேண்டும். வினிகரில் இட்ட வெள்ளரிக்கோ கொதிநீரே போதும். சாடி குளிர்கையில் உள்ளிருக்கும் ஆவி சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தமே தகட்டுமூடியை விளிம்போடு இறுக்கிவிடும் நுட்பம், இக்கைத்தொழிலில் மிகவும் வியக்கத்தக்க பகுதியாகும்.