அமுதசுரபியும் தியான ஆசனமும்

பௌத்தத் தியானத்தைக் கற்க விழைவோர் இன்று திருச்சபையாரிடையிலும் உளர். கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் இயேசு சபைக் குரு அமா சாமி 1996-இல் நிறுவிய போதி ஜென்டோ பலரும் அறிந்தது. கோயங்கா 1969 முதல் இந்தியாவில் கற்பித்த பத்து நாள் விபஸ்ஸனாப் பயிற்சியும் அத்தகையதே. இவற்றை நாடும் இறையியல் மாணாக்கர் உண்டு. ஐயுறும் ஆயர்களும் உண்டு. இரு சாராரும் நம் மொழியிலேயே இருக்கும் பாடநூலொன்றை மறந்துவிடுகின்றனர். உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த மணிமேகலையே அது.

மணிமேகலையைத் துறவுக் காவியம் என்றும், பசிப்பிணி தீர்க்கும் காவியம் என்றும் பலரும் கூறுவர். நாம் அதனைப் பயிலத் தொடங்கும் ஒருத்தியின் வரலாறாக வாசிக்க விரும்புகிறோம். அவ்வாறு வாசிக்குங்கால் அதன் பாடவரிசை நம்மை வியக்க வைக்கிறது.

விபஸ்ஸனாப் பயிற்சியில் ஐந்து ஒழுக்கங்களை ஏற்றபின், முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிக்கக் கற்பிப்பர். அதன்பின் உடலின் உணர்வுகளைக் கவனிக்கச் செய்வர். மைத்திரிப் பயிற்சி பத்தாம் நாளில் வரும். அகம் தெளிந்தாலன்றி அன்பு தூயதாகாது என்பது இவ்வரிசையின் கருத்து. அதில் நியாயம் உண்டு. ஆனால் சாத்தனார் வேறு வரிசையைக் காட்டுகிறார். பதினோராம் காதையிலேயே மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்துவிடுகிறது. அவள் ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்கிறாள்; யானைத்தீ என்னும் தீராப் பசியுற்ற காயசண்டிகையை உண்பிக்கிறாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள்; பஞ்சமுற்ற காஞ்சியில் சோறிடுகிறாள். இத்தனைக்கும் பின்னரே, முப்பதாம் காதையில், அறவண அடிகள் பன்னிரு நிதானங்களை முறையாக விளக்குகிறார். பற்று, செற்றம், மயக்கம் ஆகிய மூன்றையும் களையும் வழியும் அங்கேதான் கூறப்படுகிறது. நிலையாமை முதலியவற்றை எண்ணிப் பற்றறுக்கலாம். மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றால் செற்றம் தீர்க்கலாம். கேட்டல், சிந்தித்தல், பாவித்தல், தரிசித்தல் ஆகியவற்றால் மயக்கம் நீக்கலாம். தமிழில் தியானத்தின் முதற்பாடம் இதுவெனில் மிகையாகாது.

இறுதிக் காதைகள் வறண்டவை, கதையோடு ஒட்டாதவை என்று இலக்கியத் திறனாய்வாளர் சிலர் குறை கூறுவர். அக்குறையை நாம் ஏற்கவில்லை. சோறிட்ட கைக்கே இப்பாடம் உரியது என்பதைக் கதையின் கட்டமைப்பே உணர்த்துகிறது. அதே வேளையில், தொண்டு போதும், தியானம் வேண்டா என்போர்க்கும் காவியம் இடந்தரவில்லை. தன்னைச் சிறையிட்டுத் துன்புறுத்திய அரசமாதேவியை மணிமேகலை வெறுக்கவில்லை. அவளுக்கு அறங்கூறித் தெளிவிக்கிறாள். பாத்திரம் பிறர் பசியைத் தீர்க்கும். இடுபவரின் செற்றத்தை அது தீர்க்காது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

பாத்திரத்தின் முன்வரலாறு இதனினும் கூர்மையானது. அதனை முதலில் பெற்ற ஆபுத்திரன் ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். கையில் வற்றாத உணவு உண்டு. உடன் உண்ண எவருமில்லை. பல்லுயிர் காக்கும் பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் காத்துக்கொள்ள அவன் மனம் ஒப்பவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். தன் மன அமைதிக்காக மட்டும் தியானம் பயில்வோர்க்கு இதனினும் கடுமையான கேள்வி வேண்டுமா?

காவியத்தோடு நமக்கு வழக்கும் உண்டு. காயசண்டிகையின் பசிக்கு ஒரு முனிவரின் சாபத்தையும், வேறு துன்பங்களுக்கு முற்பிறப்பின் வினையையும் அது காரணமாகக் காட்டுகிறது. வினை என்று கூறி அமைந்துவிட்டால், பசியை உண்டாக்கும் மனிதரின் அநீதி மறைந்துவிடும். மணிமேகலை அச்சேறிய அதே 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர், சாதி இழிவை வினைப்பயன் என ஏற்கவில்லை. பௌத்தத்தையே அவ்விழிவுக்கு எதிரான சான்றாக நிறுத்தினார். மணிமேகலையை அவரோடு சேர்த்து வாசிப்பது நலம்.

சேரன்மகாதேவியிலிருந்து எழுதும் நமக்கு இவ்வழக்கு தொலைவிலுள்ளதன்று. இவ்வூரைத் தழுவி ஓடும் தாமிரபரணி பொதிகையில் பிறப்பது. பொதிகை முனிவராகிய அகத்தியர் தமிழைக் கேட்டதே கருணையின் வடிவாகிய அவலோகிதனிடம் என்கிறது பௌத்தர் இயற்றிய வீரசோழியம். அந்த ஆற்றங்கரையில்தான் வ. வே. சு. ஐயரின் குருகுலம் இயங்கியது. நாட்டுப்பற்றும் உயர்கல்வியும் நாடிய அவ்விடத்தில் பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனிப்பந்தி இடப்பட்டது. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அதனை எதிர்த்தனர். தமிழக அரசியலே அதனால் திசை மாறியது. உயர்ந்த நோக்கம் பந்தியில் சோதிக்கப்பட்டுத் தோற்றது.

இதனைக் கூறி நாம் பெருமை கொள்ள இயலாது. கொரிந்து சபையில் செல்வர் முந்தி உண்ண, ஏழையர் பசித்திருந்ததைப் பவுல் கடிந்துகொண்டார். நம் திருச்சபைகளிலும் சாதி, திருவிருந்துப் பந்தி வரை வந்ததுண்டு. இன்றும் திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் அது உயிரோடிருக்கிறது.

ஆகவே தியானம் கற்கச் செல்லும் மாணாக்கரை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவர் ஆசனத்தில் எத்தனை நாழிகை அசையாதிருந்தார் என்று வினவுவதும் வேண்டா. திரும்பி வந்தபின் யாரோடு அமர்ந்து உண்கிறார், தம்மை இகழ்ந்தவரிடம் எவ்வாறு பேசுகிறார் என்ற இரண்டையும் கவனித்தாற் போதும். அறவண அடிகளின் பாடத்திற்கு அவர் ஆயத்தமானவரா என்பது அங்கே விளங்கிவிடும். அவரை அனுப்பிவைக்கும் சபையும் அதே சோதனைக்கு உட்பட்டதே.