ஆதாம் நமக்குப் பாடமா, சகோதரனா?

பிறரன்புப் பணியைப் பற்றிய ஆன்மீக நூல்களில் ஒரு தனி வகை உண்டு. கொடுக்கச் சென்றவர் பெற்றுக்கொண்டு திரும்பும் கதை அது. அறிவும் புகழும் நிறைந்த ஒருவர், பேசவோ நடக்கவோ இயலாத ஒருவருக்குப் பணிவிடை செய்யச் செல்கிறார். சில காலத்திற்குள் தாமே வறியவர் என்றும், தம்மால் பராமரிக்கப்படுகிறவரே செல்வர் என்றும் கண்டுகொள்கிறார். இவ்வகை நூல்களில் சிறந்த ஒன்று அருட்தந்தை ஹென்றி நௌவன் எழுதிய ‘ஆதாம்: இறைவனின் அன்புக்குரியவர்’. ஆசிரியர் இறந்த மறு ஆண்டு, 1997-ல், இந்நூல் வெளிவந்தது. இதனைப் போற்றிப் படித்தோர் பலர். போற்றிய பின்னும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவை நூலைப் பற்றியவை மட்டுமல்ல. நம் இல்லங்களிலும் பங்குகளிலும் வாழும் மாற்றுத்திறனாளிகளை நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதைப் பற்றியவையும் ஆகும்.

நௌவன் 1932-ல் நெதர்லாந்தில் பிறந்து, 1957-ல் குருவாக அருள்பொழிவு பெற்றவர். உளவியல் பயின்று, அமெரிக்காவின் நோட்ர டாம், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். அப்பெருமைகளை விட்டு 1986-ல் கனடாவின் டொரண்டோ நகருக்கு அருகிலுள்ள ‘டேபிரேக்’ குழுமத்திற்கு மேய்ப்பராகச் சென்றார். அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் அவர்களுக்குத் துணைநிற்போரும் ஒரே கூரையின்கீழ் வாழும் ‘லார்ஷ்’ இயக்கத்தைச் சேர்ந்தது அக்குழுமம். 1964-ல் ஜான் வானியே என்பவர் பிரான்சில் தொடங்கிய அவ்வியக்கம், 1970-ல் பெங்களூரில் ‘ஆஷா நிகேதன்’ என்ற பெயரில் நம் நாட்டிலும் வேரூன்றியது. பின்னர் சென்னைக்கும் வந்தது.

டேபிரேக்கில் நௌவனிடம் ஒப்படைக்கப்பட்டவர் ஆதாம் ஆர்னெட் என்னும் இளைஞர். ஆதாமுக்குப் பேச்சில்லை, வலிப்பு நோய் உண்டு, துணையின்றி அவரால் நடக்கவோ உடுத்தவோ இயலாது. காலையில் அவரை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, உணவு மேசைக்கு அழைத்து வர ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். புத்தகங்களுக்கிடையே வாழ்ந்த பேராசிரியருக்குத் தொடக்கத்தில் இது அச்சத்தைத் தந்தது. பின்னர் அந்த இரண்டு மணி நேரமே அவருடைய நாளின் மையமாயிற்று. ஆதாம் 1996 பிப்ரவரியில் 34-ஆம் வயதில் இறந்தார். அவரை நினைத்து நௌவன் எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் இறந்தார்.

நூலின் அமைப்பு துணிவானது. ஆதாமின் மறைந்த வாழ்வு, பாலைவனம், பொதுவாழ்வு, பாடுகள், இறப்பு, உயிர்ப்பு எனக் கிறிஸ்துவின் வாழ்வு நிகழ்ச்சிகளையொட்டி அதிகாரங்கள் நடக்கின்றன. உலகம் பயனற்றது என்று ஒதுக்கிய ஒரு வாழ்வை மீட்பரின் வாழ்வுக்கு இணையாக வைத்து எழுத ஓர் எழுத்தாளனுக்கு நெஞ்சுரம் வேண்டும். சவரக்கத்தியும் பல்துலக்கியும் தேநீர்க் கோப்பையும் இங்கே வழிபாட்டுப் பொருள்களின் மதிப்பைப் பெறுகின்றன. இந்தச் சிறப்பை யாரும் மறுக்க முடியாது.

ஆயினும் நூலை மூடிவைத்த பின் ஒரு குறை நெஞ்சில் நிற்கிறது. ஆதாம் மற்றவர்களுக்கு என்னவாக இருந்தார் என்பது பக்கந்தோறும் வருகிறது. ஆதாம் தமக்குத்தாமே என்னவாக இருந்தார் என்பது அரிதாகவே வருகிறது. அவருடைய மௌனம் அமைதி என்று பொருள் கொள்ளப்படுகிறது; அவருடைய சார்ந்திருத்தல் கொடை என்று பொருள் கொள்ளப்படுகிறது. பேச இயலாத ஒருவரின் உள்ளத்தை அறிவது எளிதன்று என்பது உண்மையே. பெரிய நிறுவனமொன்றில் அவர் கழித்த ஆண்டுகளைப் ‘பாலைவனம்’ என்று பெயரிட்டதில், அவருடைய தனிமையை ஆசிரியர் உணர்ந்திருந்தார் என்பதும் தெரிகிறது. ஆனால் ஆதாம் ஒரு நாளேனும் மனம் சோர்ந்திருந்தாரா, கோபப்பட்டாரா என்ற கேள்விக்கு இந்த இறையியலில் இடம் குறைவு. அவர் பாடநூலாகிவிட்டார்; பாடநூலுக்கு மனநோய் வருவதில்லை.

இக்குறையின் ஆழத்தை உணர நௌவனின் மற்றொரு நூலை இதனருகே வைத்துப் படிக்க வேண்டும். 1987 டிசம்பரில், டேபிரேக்கில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தபோதே, ஆழ்ந்த நட்பொன்று முறிந்ததில் அவருடைய மனம் உடைந்தது. உறக்கமில்லை, கட்டுப்படாத அழுகை, கடவுளும் கைவிட்டுவிட்டார் என்ற இருள். ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவர் குழுமத்தை விட்டு விலகி, உளநலத் துணையாளர்களின் பராமரிப்பில் இருந்தார். அந்நாள்களில் தமக்குத்தாமே எழுதிக்கொண்ட குறிப்புகளே எட்டாண்டுகளுக்குப்பின், 1996-ல், ‘அன்பின் உட்குரல்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின.

ஒரே குழுமம்; இரு மனிதர்கள்; இரு நூல்கள். குருவின் மனநோவுக்குப் பெயர் கிடைத்தது, விடுப்பு கிடைத்தது, கேட்கும் செவிகள் கிடைத்தன, நலமடைந்து திரும்பியபோது பழைய பொறுப்பும் காத்திருந்தது. ஆதாமைப் போன்றவருக்கு அதே நோவு வந்திருந்தால் அது நோவென்று கண்டுகொள்ளப்பட்டிருக்குமா? இது டேபிரேக் மீது சுமத்தும் குற்றச்சாட்டன்று. மருத்துவ உலகம் முழுவதும் அறிந்த ஒரு குருட்டுத்தனம் இது. அறிவுத்திறன் குறைபாடுடைய ஒருவர் உண்ண மறுத்தாலும், தலையைச் சுவரில் மோதிக்கொண்டாலும், நாள்கணக்கில் மூலையில் ஒடுங்கிக் கிடந்தாலும், ‘அவர் அப்படித்தான்’ என்று எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மனச்சோர்வு என்ற தனி நோய் அங்கே இருக்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. உலகம் ‘அவர் அப்படித்தான்’ என்கிறது. பக்தியுள்ளோர் ‘அவர் அமைதியின் தூதர்’ என்கிறோம். இரண்டிலும் நோயாளி காணாமற் போகிறார்.

புனிதமாக்கும் பேச்சு கேள்விகளை அடக்கிவிடும் என்பதற்கு லார்ஷ் இயக்கமே துயரமான சான்றாயிற்று. எளியோரின் தோழராக உலகெங்கும் போற்றப்பட்ட வானியே 2019-ல் இறந்தார். ஆன்மீக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்கள் பலரிடம் தகாத பாலியல் உறவு கொண்டிருந்தார் என்பதை, இயக்கமே நியமித்த விசாரணை 2020-ல் வெளிப்படுத்தியது. அந்த விசாரணை கண்டறிந்த ஆறு பெண்களில் மாற்றுத்திறனாளி எவருமில்லை. 2023-ல் வந்த விரிவான அறிக்கை குறைந்தது 25 பெண்களைப் பற்றிப் பேசியது. அறிக்கைகளை மறைக்காமல் வெளியிட்ட இயக்கத்தின் நேர்மை பாராட்டத்தக்கது. பணிசெய்கிறவரைப் புனிதராகவும், பணி பெறுகிறவரை வானதூதராகவும் சித்தரிக்கும் எழுத்தை இனி நாம் கண்மூடிப் படிக்க முடியாது.

இவ்விடத்தில் வேறொரு வகை நூலை நினைவுகூரலாம். அமெரிக்க இயேசு சபைக் குரு எட்வர்ட் டவ்லிங், குடிநோயாளருக்கான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தொடங்கியோருள் ஒருவரான பில் வில்சன் ஆகிய இருவரின் கடிதங்களை அடிப்படையாகக் கொண்டு, ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இயேசு சபையினர் 1995-ல் வெளியிட்ட நூல் அது. டவ்லிங் மூட்டுவாதத்தால் முதுகெலும்பு இறுகி, ஊன்றுகோலின் துணையோடு நடந்தவர். 1940-ஆம் ஆண்டின் இறுதியில் மழையும் குளிருமான ஓரிரவு, நியூயார்க்கில் வில்சன் தங்கியிருந்த இடத்திற்கு அவர் வந்து சேர்ந்தார். இயக்கத்தின் பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமை அவரை ஈர்த்திருந்தது. அன்றிரவு தொடங்கிய நட்பு 1960-ல் டவ்லிங் இறக்கும்வரை நீடித்தது. குடியை விட்ட பின்னும் வில்சனை ஆண்டுக்கணக்கில் வாட்டிய மனச்சோர்வில், தோள்கொடுத்தோருள் ஒருவர் இந்தக் குரு.

இங்கே உறவின் திசை மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஊன்றுகோல் பிடித்தவர் துணைநிற்கிறவர். உடல் வலிமையுள்ளவர் துணை தேடுகிறவர். டவ்லிங் குடிநோயாளரல்லர். எனினும் உணவிலும் புகையிலும் தமக்கிருந்த பழக்கங்களை எதிர்கொள்ள அதே படிகளை அவர் பின்பற்றினார். எனவே அவர் மேடையிலிருந்து பேசவில்லை. அதே வரிசையில் நின்று பேசினார். மனநோயாளிகள் தம்முள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழுக்களையும் ஆதரித்தார்.

அதே காலத்தில், ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் புனித தோமையார் மருத்துவமனையில் சேர்க்கைப் பணி பார்த்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. 1933-ல் தாமே நரம்புத் தளர்ச்சியால் வீழ்ந்து எழுந்தவர். குடிநோயாளரை மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கிய 1939-ல், வயிற்று அழற்சி என்று பதிந்து ஒரு குடிநோயாளரை அவர் உள்ளே சேர்த்த நிகழ்ச்சி புகழ்பெற்றது. குணமடைந்து செல்வோரிடம் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடியும் குடிக்க நேர்ந்தால், முதல் குவளையைத் தொடுமுன் அதனைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. இரக்கமும் பொறுப்பும் ஒரே கையால் வழங்கப்பட்டன.

நமக்குத் தேவையான வெளிச்சம் அந்த நிபந்தனையில்தான் உள்ளது. மாற்றுத்திறனாளி ஒருவர் குடிக்கு அடிமையானால் நாம் என்ன செய்கிறோம்? விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, வேலையும் நடையும் இழந்து, பகலெல்லாம் கட்டிலில் கிடக்கும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். வலி உண்டு, நிரப்ப இயலாத நேரம் உண்டு, பாரமாகிவிட்டோமே என்ற வேதனை உண்டு. மாலையில் நண்பர் ஒருவர் புட்டியோடு வருகிறார். வீட்டார், ‘பாவம், அவனுக்கு இருப்பது இந்த ஒரு சுகந்தான்’ என்று விட்டுவிடுகின்றனர். வலிக்கு எழுதித் தந்த மாத்திரையும் மதுவும் கலந்தால் மூச்சே நிற்கக்கூடும் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. மீட்பு இல்லத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணினாலும் படிக்கட்டு தடுக்கிறது. காதுகேளாதவருக்கு, பேச்சையே மருந்தாகக் கொண்ட குழுக் கூட்டத்தில் சைகை மொழி தெரிந்தவர் இல்லை. பார்வையற்றவருக்கு, கையில் தரப்படும் கையேடு வெறுந்தாள். மீட்பு இல்லத்தினர், ‘ஊனமுற்றோர் இல்லத்திற்குப் போங்கள்’ என்கின்றனர். அங்கே போனால், ‘குடிப்பவரைச் சேர்ப்பதில்லை’ என்கின்றனர்.

வாயிற்கதவுகளைவிட உயரமான தடை ஒன்று நம் மனத்தில் உள்ளது. மாற்றுத்திறனாளியை நாம் மாசற்ற குழந்தையாகக் காண்கிறோம். குழந்தைக்கு மனச்சோர்வு வராது; குழந்தை குடிக்கு அடிமையாகாது. அவ்வாறு நேர்ந்துவிட்டால் அதைப் பார்க்காததுபோல் இருப்பதே அன்பு என்று நினைக்கிறோம். பரிதாபம் ஒருவரிடமிருந்து பலவற்றைப் பறிக்கும். அவற்றுள் கொடியது, மனந்திரும்பும் உரிமையைப் பறிப்பது. ‘உன்னால் இதை விட முடியும், நீ புண்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்’ என்று ஒருவரிடம் சொல்வது அவரை முழுமனிதராக மதிப்பதாகும். அந்த மதிப்பைச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மறுப்பது ஏன்?

நற்செய்தியாளர் யோவான் இதனை இரு நிகழ்ச்சிகளில் தெளிவாக்குகிறார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர் வினவியபோது, எவர் பாவமுமன்று என்று இயேசு அக்கணக்கையே தள்ளிவிட்டார். ஊனம் தண்டனை என்ற பழங்கருத்து அங்கே முறிந்தது. ஆனால் குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரிடம் அவர் நடந்துகொண்ட முறை வேறு. முதலில், நலம்பெற விருப்பமா என்று கேட்டார். விடை வெளிப்படையாகத் தெரிவதுபோல் தோன்றும் இடத்திலும் கேட்டார். அம்மனிதர் நேரான விடை தரவில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றார். தனிமையே அவருடைய முதல் முறையீடு. பின்னர் கோவிலில் அவரைத் தேடிக் கண்டு, இனிப் பாவம் செய்ய வேண்டாம் என்றும் எச்சரித்தார். விருப்பத்தைக் கேட்பது, தனிமையைச் செவிமடுப்பது, பொறுப்பை நினைவூட்டுவது ஆகிய மூன்றும் அங்கே பிரிக்கப்படவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தான் ஏற்கும் 21 வகைகளுள் மனநோயையும் சேர்த்துள்ளது. மறு ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பங்குச் சமூகங்கள் செய்யக்கூடியவை எளியவை: குடிநோயாளர் கூடும் அறையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுவது, இளையோர் சிலர் சைகை மொழி கற்பது, நற்கருணை கொண்டுசெல்லும்போது உடல்நலத்தோடு உறக்கத்தையும் மனத்தையும் விசாரிப்பது, விடை வரும்வரை காத்திருப்பது.

நௌவனின் நூலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் ஒரு மனிதருக்காக விரையாமல் இருப்பது எப்படி என்று அதைவிட நன்றாகக் கற்பிக்கும் நூல் அரிது. அந்தப் பொறுமையோடு ஒரு கேள்வியையும் நாம் கொண்டுசெல்ல வேண்டும். ஆதாம் நமக்கு என்ன கற்பித்தார் என்று கேட்டது போதும். ஆதாமுக்கு இன்று எப்படி இருக்கிறது என்று கேட்போம்.