பார்பரோஸ்: அந்நியரா, வேற்றுமொழியாளரா?

விவிலியத்து ‘பார்பரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல், விளங்காத பேச்சின் ஒலிக்குறிப்பினின்று பிறந்ததென்பர். மரக்கலம் உடைந்து மால்டாத் தீவிற் கரையேறிய பவுலுக்குத் தீமூட்டி உதவியோரை, அப்போஸ்தலர் நடபடிகள் (28:2) இச்சொல்லாலேயே சுட்டுகிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிப்போர்க்கு அவர்கள் காட்டுமிராண்டிகளாகவே தோன்றுவர். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்போ ‘அந்நியர்’ என்றது. இழிவு நீங்கியது நன்றே.

ஆயினும் 1 கொரிந்தியர் 14:11இல் அச்சொல் பொருந்தவில்லை. பேச்சு விளங்காவிடிற் பேசுவோனும் கேட்போனும் ஒருவர்க்கொருவர் பார்பரோஸ் ஆவர் என்பதே அங்குக் கருத்து. குறை இருபாலும் ஒக்கும். தமிழும் சிங்களமும் அடுத்தடுத்து வழங்கும் உப்புவெளியில் ‘அந்நியன்’ என்றால், அது மொழியையன்று, மண்ணுரிமையையே சுட்டிவிடும். மொழி மாறும் நிலத்தை ‘மொழிபெயர் தேயம்’ என்றனர் சங்கப் புலவர். அவ்வழியில் ‘வேற்றுமொழியாளன்’ என்றே பெயர்த்திருக்கலாம்.