புலமைப்பரிசிலும் நுண்ணறிவு என்னும் அளவுகோலும்

பத்து வயதுப் பிள்ளையின் அறிவாற்றலை ஒரு காலைப் பொழுதில் அளந்துவிடலாம் என்னும் நம்பிக்கையின்மீதே எமது தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை நிற்கின்றது. 1940களில், இலவசக் கல்வியோடு இத்திட்டம் உருப்பெற்ற காலத்தில், நோக்கம் தெளிவாக இருந்தது: கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் திறனுடையோரைத் தெரிந்து மத்திய கல்லூரிகளுக்கு அனுப்புதல். கன்னங்கராவின் அந்நோக்கத்தை எவரும் பழியார். ஆராயப்பட வேண்டியது அளவுகோலே.

வினாத்தாள்கள் இரண்டு. ஒன்று பாட அறிவை வினவுவது. மற்றையது உருவக் கோலம், எண்தொடர், தருக்கம் முதலியவற்றால், கற்பித்தலைச் சாராத நுண்ணறிவை அளப்பதாகக் கொள்ளப்படுவது. கற்பித்தலைச் சாராத ஒன்றுக்கு இத்துணைக் கற்பித்தல் எங்ஙனம் வந்தது? காரைதீவிலும் கல்முனையிலும் முதலாம் வினாத்தாளுக்கெனவே மாதிரித் தொகுப்புகள் விற்பனையாகின்றன. தரம் 3இலேயே பிள்ளைகள் ரியூசன் வகுப்பில் அமர்த்தப்படுகின்றனர். நூறு கோலங்களைப் பயின்ற பிள்ளைக்கு நூற்றோராவது கோலம் புதிதன்று. ஆங்கு அளக்கப்படுவது பயிற்சி. அப்பயிற்சிக்குப் பின்னால் நிற்பது பெற்றோரின் வருவாய். கூலிக்கு வயல் வெட்டுபவரின் மகள் அக்கோலத்தை முதன்முறையாகப் பரீட்சை மண்டபத்திலேயே காண்கிறாள்.

பரீட்சைத் திணைக்களமும் இதனை மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றது. வெட்டுப்புள்ளி மாவட்டத்தாலும் மொழிமூலத்தாலும் வேறுபடுகின்றது. இவ்வேறுபாடு நியாயமானதே. ஆனால் மூளை மாவட்டந்தோறும் மாறுவதில்லை, வாய்ப்பே மாறுகின்றது.

பிரான்சில் 1905இல் அல்பிரட் பினேயும் சிமோனும் இத்தகைய சோதனையை அமைத்தது, வகுப்பிற் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு உதவுதற்கு. சிறந்தோரைப் பொறுக்கும் சல்லடையாக அதனை ஆக்கியவர் அமெரிக்கரான லூயிஸ் டெர்மன். 1921இல் அவர் தொடங்கிய ஆய்வில் எல்லைப் புள்ளியை எட்டாது விடப்பட்டோருள் வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெசும் அடங்குவர். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். தெரிந்தெடுக்கப்பட்ட ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் அப்பரிசைப் பெற்றிலர்.

எம்மூரில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளையும் ஈண்டு நினைக்கலாம். அவர் பரீட்சைகளில் தேறியவரே. எனினும் விஞ்ஞானமும் கணிதமும் இசையும் தமிழும் ஒருங்கு கூடிய 'யாழ்நூல்' 1947இல் வெளிவர, பல்லாண்டுப் பொறுமை வேண்டியிருந்தது. அப்பொறுமையை எந்த ஒரு மணித்தியால வினாத்தாள் அளக்கும்?

பரீட்சையை நீக்கினால் செல்வாக்கே பாடசாலை அனுமதியைத் தீர்மானிக்கும் என்பர். இவ்வாதம் வலிமை வாய்ந்தது. பெரும் பாடசாலைகளின் வாயில்களை அறிந்தோர் இதனை இலேசிற் புறந்தள்ளார். ஆயின், இது நுண்ணறிவு பற்றிய வாதமன்று, இடப்பற்றாக்குறை பற்றியது. நல்ல பாடசாலைகள் சிலவாயும் விரும்புவோர் பலராயும் இருப்பதால் ஒரு வரிசை தேவைப்படுகின்றது; அவ்வரிசைக்கு அறிவு என்னும் பெயர் சூட்டப்படுகின்றது. வரிசையின் பின்னே நிற்கும் பிள்ளை அப்பெயரை நம்பிவிடுகின்றது.

ஆதலின் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்ட இரண்டினைப் பிரித்தல் வேண்டும். உதவிப்பணம் வறுமையையும் வகுப்பாசிரியரின் பல்லாண்டு அவதானிப்பையும் கொண்டு வழங்கப்படலாம். பாடசாலை அனுமதிக்கான போட்டி, அம்பாறைக் கரையோரத்தின் சிறு பாடசாலைகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் வந்து சேரும் அளவுக்கே தணியும்.