ஒலியொப்புமையும் மொழியுறவும்

வண்டிப்பெரியார் என்னும் ஊர்ப்பெயர் ஈ.வெ.ரா.வின் பட்டத்தை நினைவூட்டலாம். இவ்வொப்புமை தற்செயலானது. பெயரில் உள்ளது பெரியாறு என்னும் ஆறு. அதன் குறுக்கே அணை எழுந்தது 1895இல். பட்டம் வழங்கப்பெற்றது 1938இல். மலையாளத்தில் ஈற்று ரகரத்தையும் றகரத்தையும் ஒரே சில்லெழுத்துக் குறிப்பதால், பெயர்த்தெழுதுவோர்க்கு வேறுபாடு மறைகிறது.

மொழியொப்பீட்டிலும் இவ்விடர் உண்டு. எவ்விரு மொழிகளிலும் ஒலியும் பொருளும் ஒத்த சொற்கள் சில தற்செயலாகவே கிட்டும். சுசுமு ஓனோ 1980இல் வெளியிட்ட தமிழ்-ஜப்பானிய ஒப்பீடு, ஒலியியைபுகளை வகுத்துக்காட்ட முயன்றதால் வெறும் சொற்பட்டியலினும் மேம்பட்டது. ஆயினும் பொருளை நெகிழ்த்துந்தோறும் தற்செயல் ஒப்புமைகள் பெருகும். அந்நிலையில் பட்டியலின் நீளம் சான்றாகாது. ஒத்தவற்றோடு ஒவ்வாதவற்றையும் எண்ணிய பின்னரே உறவு பேசத்தகும். நம் மொழியின் பெருமைக்குத் துணைசெய்யும் முடிவாயின் இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.