சொல்லும் குறிப்பும்

கரண் ஜோஹர் இயக்கி 2010இல் வெளிவந்த 'மை நேம் இஸ் கான்' என்னும் இந்தித் திரைப்படத்தை, முஸ்லிம்கள் மீதான ஐயத்தைப் பேசும் படமாகவே பலரும் மதிப்பிட்டனர். நாயகன் ரிஸ்வான் ஆட்டிசம் உடையவன் என்பதே நம் கருத்தைக் கவர்ந்தது.

மனிதரில் நல்லவர், தீயவர் என இரு வகையே உண்டு என்று தாய் கற்பித்த விதியே அவனுக்கு வழித்துணை. மகனை இழந்த மனைவி, தான் தீவிரவாதி அல்லன் என்பதை அமெரிக்க அதிபரிடமே போய்ச் சொல்லுமாறு சீறுகிறாள். அவளுக்கு அது ஆற்றாமை, அவனுக்குக் கட்டளை. புறப்பட்டு விடுகிறான்.

அரபு அணியிலக்கணம் நேர்ப்பொருளை ஹகீகத் என்றும், பெயர்ந்த பொருளை மஜாஸ் என்றும் வகுக்கும். மஜாஸுக்குக் கரீனா என்னும் குறிப்பு வேண்டும். முகக்குறிப்பிலும் குரலிலும் நாம் வைக்கும் கரீனா, ஆட்டிசம் உடையோர் பலருக்கு எளிதில் எட்டுவதில்லை. எங்கள் கோம்பையில் 'போய் வருகிறேன்' என்று விடைபெறுவோர் அன்றே திரும்புவதில்லை. அச்சொல்லை நம்பிக் காத்திருப்பவன் அறிவிலியா?

நேர்ப்பொருள் கொள்வது எவர்க்கும் நேரும். நோன்பு வசனத்தின் வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் மெய்யான நூல்களாகவே கொண்டார் அதீ இப்னு ஹாத்திம் (ரலி). பகலின் வெண்மையும் இரவின் கருமையுமே அவை என நபிகள் நாயகம் (ஸல்) விளக்கினார்கள்.

புரியாமை இரு தரப்புக்கும் உரியது என, தாமே ஆட்டிசம் உடைய ஆங்கில அறிஞர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். படம் இவ்விடத்தை நெருங்கி, பின் நழுவுகிறது. புயலில் சிக்கிய ஊருக்கு உதவிய பின்னரே ரிஸ்வானை உலகம் போற்றுகிறது. வீரனானால்தான் மதிப்போமா? கரீனாவைத் தெளிவாகச் சொல்வது பேசுவோர் கடன் அன்றோ!