மூடிய அறையும் வெளியே நின்றோரும்

மருந்து எட்டாமையே ஏழையின் மரணத்துக்குக் காரணம் என்று சொல்லிப் பழகிய நம்மைத் தடுமாறச் செய்யும் நூல், ஜொனி ஸ்ரைன்பேர்க் 2008 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மூன்றெழுத்துக் கொள்ளைநோய்’. தென்னாபிரிக்காவின் லுசிகிசிகிப் பகுதியில், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு எச்.ஐ.வி. சிகிச்சையைக் கிராமத்துச் சிகிச்சை நிலையங்களுக்கே கொண்டு சென்றது. மருந்து இலவசம். எனினும் சிஸ்வே என்னும் இளங்கடைக்காரன் பரிசோதனைக்கு இணங்கவில்லை.

ஏன் என்பதை ஒரு காட்சி உணர்த்துகிறது. ஊரில் பரிசோதனை நடக்கிறது. முடிவறியச் சென்றவர் அறைக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்று வெளியே நிற்போர் அளக்கின்றனர். நேரம் நீண்டால் நோய் உண்டு! (அதிபரின் அறைக்குள் சென்ற மாணவனை வெளியே நின்று கணிக்கும் பிள்ளைகளை நாம் அறியோமா?) கிருமியோ பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலின் எதிர்ப்பாற்றலை அரிப்பது, உடல் மெலிந்தபின் வருபவனுக்குக் கிடைப்பது பிந்திய மருந்தே.

இக்காட்சியே நூலின் உயிர். ஆயினும் ஆசிரியர் சிஸ்வேயின் வெட்கத்துக்குள் ஆழ இறங்கும் அளவுக்கு அந்த அறையின் ஏற்பாட்டை ஆராயவில்லை. நோயற்றவரையும் அதேயளவு நேரம் அமர்த்தியிருந்தால் அக்கதவு எவரையும் காட்டிக் கொடுத்திராது. வெட்கம் சிஸ்வேயின் மனத்தில் மட்டும் விளைந்ததன்று. எயிட்சுக்குக் கிருமியே காரணமா என்று ஐயுற்ற தபோ எம்பெக்கி ஆட்சியில், 2003 இன் இறுதியிலேயே பொதுவான மருந்துத் திட்டம் அங்கீகாரம் பெற்றது. தலைவரே ஐயுற்ற நாட்டில் கடைக்காரனின் ஐயத்தை மட்டும் தனியே எடைபோடலாமா?

சிஸ்வேயைக் கோழையாக்காமல் எழுதியமைக்கு ஆசிரியரைப் பாராட்டவே வேண்டும். தாம் வெள்ளையர் என்பதால் அவன் தம்மிடம் எதை மறைப்பான் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கிறார்.